சொன்னது பலிக்குதுக்கா, ஆனா எனக்கு ஏன் இம்புட்டு பயம்?

ஸ்தோத்திரம் அக்கா,

எனக்கு நாப்பத்தோரு வயசு, வில்லாபுரம் பக்கம் இருக்கோம். வீட்டுக்காரர் கப்பலூர்ல ஒரு கம்பெனில சூப்பர்வைசர், நான் வீட்டுலயே ப்ளவுஸ் தைக்கிறேன், பையன் ப்ளஸ் டூ படிக்கிறான். நாங்க தாத்தா காலத்துல இருந்தே சிஎஸ்ஐ, அமெரிக்கன் மிஷன்காரங்க மதுரைக்கு வந்தப்ப வேதத்துக்கு வந்த குடும்பம்னு அம்மா ரொம்ப பெருமையா சொல்லுவாங்க. இத யார்கிட்டயும் சொல்ல முடியலக்கா, சொன்னாலே பாவம் ஆயிருமோனு பயமா இருக்கு, அதான் உங்களுக்கு எழுதுறேன்.

அம்மா இறந்து வருஷம் ஒண்ணு தாண்டிருச்சு. பெரியாஸ்பத்திரில கடைசி வரைக்கும் கூட இருந்தது நான்தான். அதுக்கப்புறம் சர்ச்சுக்கு போவேன் வருவேன் ஆனா மனசு ஒட்டல, ஆராதனை முறைப்படி நடக்கும் முடியும், எப்படிம்மா இருக்கனு ஒருத்தர் கேக்கல. அப்பத்தான் எங்கிட்ட துணி குடுக்குற ஒரு அக்கா, எங்க ஜெபத்துக்கு ஒரு தடவ வந்து பாருங்கனு கூட்டிட்டு போனாங்க. ஒரு வீட்டு மாடில ஹாலு, வெள்ளிக்கிழம உபவாச ஜெபம். உள்ள போகும்போதே ஒரு சீட்டு குடுத்து பேரு, ஏரியா, போன் நம்பர், ஜெப விண்ணப்பம் எல்லாம் எழுத சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே அங்க உள்ள ஒரு சிஸ்டர் போன் போட்டு ரொம்ப நேரம் பேசுனாங்க, அம்மாவ பத்தி சொல்லி சொல்லி அழுதேன், அம்மா போனதுக்கப்புறம் அப்படி ஒருத்தர்கிட்ட அழுததே இல்லக்கா.

அடுத்த வெள்ளிக்கிழம பாஸ்டரம்மா என் தலைல கை வச்சு அந்நியபாஷைல ஜெபிச்சுட்டு, உன் தாயாருக்கு கடைசியா தண்ணி குடுத்தப்போ உன் கை நடுங்குச்சு, கர்த்தர் அத பாத்தாரு மகளேன்னாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துருச்சு. அத நான் வீட்டுக்காரர்கிட்ட கூட சொன்னதில்ல. அன்னைல இருந்து நிம்மதியா தூங்குனேன், அத பொய்னு சொல்ல மாட்டேன். பையன் ரிவிஷன் டெஸ்ட்ல நல்ல மார்க் எடுப்பான்னாங்க, எடுத்தான். வீட்டு ஓனர் வாடக ஏத்த மாட்டாருன்னாங்க, ஏத்தல.

அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. மொதல்ல விதை காணிக்கை, இப்ப வெதச்சா பல மடங்கா திரும்பி வரும்னு சொல்லி வாங்குறது. ரெண்டு காசு போட்ட விதவைய பத்தி பிரசங்கம் பண்ணிட்டு, உனக்கு எது வலிக்குதோ அத குடுன்னாங்க, அம்மா போட்டிருந்த ரெண்டு பவுன் செயின குடுத்துட்டேன். பையன் ஒரு நாள் பாட்டி செயின் எங்கம்மானு கேட்டான், பீரோல இருக்குனு சொன்னேன். பிறகு மாத்திரை. எனக்கு இவன் பொறந்ததுல இருந்தே தைராய்டு இருக்கு, காலைல வெறும் வயித்துல மாத்திரை போடுவேன். இந்த லெந்து நாள்ல ஜெபிச்சுட்டு சுகமாயிருச்சு, இனிமே போட்டா அது அவிசுவாசம்னாங்க, நிப்பாட்டிட்டேன். மொத கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்துச்சு, எந்திரிச்சு நின்னு சாட்சி கூட சொன்னேன். இப்ப கை காலெல்லாம் அடிச்சு போட்ட மாதிரி இருக்கு, சீப்பு வச்சா முடி கொத்தா வருது, மதுர வெயில்லயும் ராத்திரி போர்வை கேக்குது, அளவு எடுத்து எழுதி வச்சத பாத்துட்டு கத்திரிய எடுக்குறதுக்குள்ள மறந்துருது, சும்மா சும்மா அழுக வருது. அத சொன்னா, இது சோர்வின் ஆவி, உன் வீட்டுல ஒரு ஆகான் ஒளிஞ்சிருக்கான் (வேதத்துல விலக்கப்பட்டத திருடி ஒளிச்சு வச்சு, மொத்த ஜனத்துக்கும் தோல்வி வர காரணமானவன்), உன் அண்ணன் வீட்டுல இருந்துதான் சாபக்கட்டு வருது, அங்கிட்டு போக்குவரத்த நிப்பாட்டுன்னாங்க. அண்ணன் திருமங்கலத்துல இருக்காரு. ஈஸ்டருக்கு மதினி போன் பண்ணாங்க, எடுக்கல.

வீட்டுக்காரருக்கு ஈஸ்டருக்குள்ள ப்ரமோஷன்னு சொன்னாங்க, வரல, அதுக்கும் ஆகான்தான் காரணமாம். அவரு வையுறாரு, நீ அங்கிட்டு போறதுல இருந்து வீடு வீடாவே இல்லங்குறாரு.

இப்ப கடைசியா, திருமங்கலம் பக்கம் அம்மா பேருல ஒரு ப்ளாட் இருக்கு. அத ஊழியத்துக்கு எழுதி குடுத்தாத்தான் கட்டு அறும்னு கர்த்தர் காட்டுனாராம். இருபத்தொரு நாள் உபவாசம் ஓடுது, அது முடிஞ்ச கையோட ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு போகணுமாம், வீட்டுல கூட சொல்லக்கூடாதாம். கொஞ்சம் யோசிச்சு சொல்றேம்மானு சொன்னதுக்கு பாஸ்டர் அடுத்த வாரமே மோசேய எதுத்து நின்ன கோராகு கூட்டத்த பூமி வாய தொறந்து விழுங்குனத எடுத்து பிரசங்கம் பண்ணாரு, நான் அபிஷேகம் பண்ணினவர்களை தொடாதேனு வசனத்த சொல்லும்போது என்னையவே பாத்த மாதிரி இருந்துச்சு.

ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துருதுக்கா. நான் சந்தேகப்படுறேனே, இதுதான் பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவமோ, மன்னிப்பே இல்லாத பாவமோனு நெஞ்சு படபடங்குது. இது கர்த்தர் சத்தமா இல்லையானு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது? சொன்னதெல்லாம் பலிச்சுதே, அப்ப எப்படி பொய்யா இருக்கும்?

இப்படிக்கு,
வில்லாபுரம் சகோதரி


ஆலோசகர் பதில்

அன்பு தங்கச்சிக்கு,

உங்க கடிதத்துல ரெண்டு காரியத்துக்கு அவசரம் இருக்கு, மொதல்ல அத சொல்லிட்டு பிறகு மத்தத பேசுறேன். ஒண்ணு, நாளைக்கே தைராய்டு டாக்டர பாருங்க. ரெண்டு, அந்த ப்ளாட் சம்பந்தமா எந்த பேப்பர்லயும் கையெழுத்து போடாதீங்க, வெள்ளை பேப்பர்ல கூட.

மாத்திரைய பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா உங்க பயத்துல பாதி அங்கதான் இருக்குனு நெனைக்கிறேன். தைராக்ஸின் மாத்திரை மெதுவா வேலை செய்யுற மருந்து, நிப்பாட்டுனா ரத்தத்துல உள்ளது பாதியா குறையுறதுக்கே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், மிச்சமும் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும். அதனாலதான் நிப்பாட்டுன புதுசுல உங்களுக்கு ஒண்ணுமே தெரியல. சாட்சி சொன்ன அன்னைக்கு உங்க ஒடம்புல இருந்தது பழைய மாத்திரையோட பலன். அதுக்கப்புறம் வந்த அசதி, முடி கொட்டுறது, வெயில் காலத்துலயும் குளுருறது, மறதி, காரணமில்லாத அழுக, எல்லாமே தைராய்டு கொறைஞ்சா வர்ற அறிகுறிதான், எந்த டாக்டர்கிட்ட இந்த லிஸ்ட்ட நீட்டினாலும் மொதல்ல டிஎஸ்எச்ங்குற தைராய்டு ரத்த டெஸ்ட்தான் எழுதுவாரு. அதுக்கு சோர்வின் ஆவினு பேரு வச்சுட்டாங்க. மருந்த நிப்பாட்ட சொன்னாங்க, நிப்பாட்டுனதால வந்த நோவ காட்டி வீட்டுல பாவம் இருக்குன்னாங்க, அந்த பாவம் போகணும்னா நெலத்த எழுதுன்னாங்க. ஒண்ணு இன்னொண்ண எப்படி இழுத்துட்டு வருதுனு நீங்களே வரிசையா எழுதியிருக்கீங்க. டாக்டர்கிட்ட நிப்பாட்டுனத மறைக்காம சொல்லுங்க, விட்டத சேத்து ரெண்டா போட்டுறாதீங்க, எந்த அளவுல மறுபடி ஆரம்பிக்கணும்னு அவரு சொல்லட்டும். ஆரம்பிச்சாலும் ஒடம்பு தேற சில வாரம் ஆகும், அதுவரைக்கும் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்க. அந்த அசதியோட உபவாசமும் வேண்டாம்.

மருந்து அவிசுவாசம்ங்குறது வேதத்துல எங்க இருக்கு தங்கச்சி? எசேக்கியா ராஜா சாகக் கிடக்குறப்போ கர்த்தர் ஏசாயா மூலமா உன்னை குணமாக்குவேன்னு நேரடியா வாக்கு குடுக்குறாரு, அதே ஏசாயா அத்திப்பழத்து அடைய கொண்டுவந்து பிளவைமேல பத்து போட சொல்றாரு, 2 இராஜாக்கள் 20ஆம் அதிகாரத்துல இருக்கு. வாக்கும் கர்த்தரோடது, பத்தும் கர்த்தர் சொன்னது. லூக்காவ பிரியமான வைத்தியன்னு சொல்ற பவுல், தீமோத்தேயுவோட வயித்து கோளாறுக்கு என்ன சாப்பிடணும்னு வைத்தியம் எழுதுறாரு. அம்மா பெருமையா சொன்னாங்களே, 1834ல நம்ம ஊருக்கு வந்த அந்த மிஷன்காரங்களும் பள்ளிக்கூடத்தோட நிக்கல, ஆஸ்பத்திரியும் நடத்துனாங்க, கீழவெளி வீதில மிஷன் ஆஸ்பத்திரி இன்னைக்கும் இருக்கு. மாத்திரைய போட்டுட்டு வாம்மா நான் ஜெபிக்கிறேன்னு சொல்ற பெந்தெகொஸ்தே போதகர்களையும் எனக்கு தெரியும், அதனால இது சிஎஸ்ஐயா பெந்தெகொஸ்தேயாங்குற சண்ட இல்ல.

இப்ப உங்க பெரிய கேள்விக்கு வர்றேன். சொன்னது பலிச்சுதே, எப்படி பொய்யா இருக்கும்னு கேக்குறீங்க.

அம்மாவுக்கு தண்ணி குடுத்தப்போ கை நடுங்குனத வீட்டுக்காரர்கிட்ட சொல்லல, சரி. மொத நாள் ராத்திரி அந்த சிஸ்டர்கிட்ட சொல்லலயா? அம்மாவ பத்தி சொல்லி சொல்லி அழுதேன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அழும்போது என்னென்ன சொன்னோம்னு நமக்கே ஞாபகம் இருக்காது. நான் அங்க இல்ல, அதனால இப்படித்தான் நடந்துச்சுனு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா சீட்டுல விவரம் வாங்கி, போன்ல மனச கேட்டு, அடுத்த வாரமே ஜெபத்துல அது தரிசனமா வெளிய வந்தா, அத கர்த்தர்தான் சொன்னாருனு நம்புறதுக்கு முன்னாடி அந்த சிஸ்டர் சொன்னாங்களானு கேக்குறது நியாயமான கேள்வி. சாகுற தாய்க்கு தண்ணி குடுக்குற எந்த மகளுக்குத்தான் கை நடுங்காது? பையன் மார்க்கும் வாடகையும் ஆமா இல்லனு ரெண்டுல ஒண்ணுதான், பலிச்சது மனசுல நின்னுருது. பலிக்காத ப்ரமோஷனுக்கு ஆகான் வந்துட்டான். பலிச்சா அவங்க வரம், பலிக்கலன்னா உங்க பாவம், இப்படி ஒரு கணக்குல அவங்க தப்பா போறதுக்கு எடமே இல்ல பாருங்க. வேதத்துல கள்ளத்தீர்க்கதரிசிய கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லியிருக்கு, உபாகமம் 18ல, அவன் சொன்னது நடக்கலன்னா அது கர்த்தர் சொன்னதில்ல, அவனுக்கு பயப்படவேண்டாம்னு. கேட்டவன் வீட்டுல பாவத்த தேடுனு அங்க எழுதல.

அப்படியே வச்சுக்கிட்டாலும், ஒருத்தரும் சொல்லாமலே அவங்களுக்கு தெரிஞ்சிருந்தா? அப்பவும் அது போதாது. உபாகமம் 13 மொத மூணு வசனத்த இன்னைக்கு ராத்திரி நீங்களே வாசிங்க. ஒருத்தன் அடையாளம் சொல்லி அது நடந்தாலும் கூட, உன்னை கர்த்தர விட்டு இழுத்தான்னா அவன் பேச்ச கேக்காதனு இருக்கு. பலிக்குறது மட்டும் அத்தாட்சி ஆகாதுனு மோசே காலத்துலயே சொல்லியாச்சு.

அப்ப எதத்தான் பாக்குறதுனு கேப்பீங்க. அந்த சத்தம் உங்கள எங்க கொண்டுபோய் விட்டுச்சுனு பாருங்க. செயின் போச்சு, மாத்திரை போச்சு, அண்ணன் உறவு போச்சு, வீட்டுல சமாதானம் போச்சு, ராத்திரி தூக்கம் போச்சு, பையன்கிட்ட பீரோல இருக்குனு சொல்ற மாதிரி ஆச்சு. அதோட, யோசிச்சு சொல்றேன்னு நீங்க சொன்னதுக்கு என்ன பதில் வந்துச்சுனு பாருங்க, எனக்கு உங்க கடிதத்துல ரொம்ப கவலை குடுத்த எடம் அதுதான். யோசிக்கிறேன்ங்குற ஒரு வார்த்தைக்கு கோராகு பிரசங்கம் வந்துச்சு. கர்த்தர் பேசுனது உண்மைன்னா நீங்க அதுக்காக ஜெபிக்கிறதுலயோ வீட்டுக்காரர கேக்குறதுலயோ ரெண்டு மாசம் பொறுக்குறதுலயோ அது கெட்டுப்போகாது. யார்கிட்டயும் சொல்லாத, சீக்கிரம் பண்ணு, கேள்வி கேக்காதங்குற மூணும் சேந்து வந்தா அங்க நில்லுங்க, அத சொல்றவங்க எம்புட்டு பெரிய ஊழியக்காரங்களா இருந்தாலும் சரி.

சந்தேகப்படுறது பாவம்னு நெனச்சு நெஞ்சு படபடங்குதுன்னீங்க. எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்தறியுங்கள்னு யோவான் எழுதுனது விசுவாசிகளுக்குத்தான், 1 யோவான் 4:1. பவுல் அத விட ஒரு படி மேல, சபையில தீர்க்கதரிசிகள் ரெண்டு மூணு பேர் பேசட்டும், மத்தவங்க நிதானிக்கட்டும்னு 1 கொரிந்தியர் 14ல முறையாவே வச்சுட்டாரு. பவுலே வந்து பேசுனப்போ பெரோயா ஊர்க்காரங்க அவரு சொல்றது சரிதானானு தினமும் வேதத்த பொரட்டிப் பாத்தாங்க, அதுக்காக அவங்கள நற்குணசாலிகள்னு லூக்கா எழுதி வச்சிருக்காரு. அப்போஸ்தலன் பேச்சயே சோதிச்சு பாக்கலாம்னா பாஸ்டரம்மா பேச்ச சோதிக்கக்கூடாதா? ஒருத்தவங்க அளவு ப்ளவுஸ் குடுத்து, நீங்க தச்சது அதோட ஒத்துவரலன்னா தச்சதத்தான் பிரிப்பீங்க, அளவு ப்ளவுஸ வெட்ட மாட்டீங்கல்ல, தரிசனத்தையும் அப்படித்தான் வசனத்தோட வச்சு பாக்கணும்.

வசனம்னதும் சொல்லணும், அவங்க உங்ககிட்ட சொன்ன ரெண்டு வசனத்தையும் முன்ன பின்ன சேத்து வாசிங்க. அபிஷேகம் பண்ணினவர்களை தொடாதேங்குறது சங்கீதம் 105. அங்க பேசுறது ஆபிரகாம் ஈசாக்கு யாக்கோபு ஊர் ஊரா பரதேசியா அலைஞ்சப்போ ராஜாக்கள் அவங்களுக்கு தீங்கு செய்யக்கூடாதுனு கர்த்தர் அதட்டுனத. பலமில்லாதவங்கள அதிகாரம் உள்ளவங்ககிட்ட இருந்து காப்பாத்துன வசனம் அது, அத தூக்கி அதிகாரத்துல உள்ளவங்க பலமில்லாத ஒரு தங்கச்சிய பாத்து சொல்றது எனக்கு உண்மையிலேயே கோவம் வருது. விதவையோட ரெண்டு காசு மாற்கு 12ல இருக்கு, அதுக்கு சரியா முன்னாடி இயேசு என்ன சொல்றாருனு பாருங்க, விதவைகளின் வீடுகளைப் பட்சித்து நீண்ட ஜெபம் பண்ணுற வேதபாரகர பத்தி எச்சரிக்கையா இருங்கங்குறாரு. அந்த ரெண்டு வசனத்தையும் சேத்து யாரும் உங்களுக்கு பிரசங்கம் பண்ணல. எலிசா தீர்க்கதரிசி, குஷ்டம் சுகமான நாகமானோட காணிக்கைய ஒரு வெள்ளிக்காசு கூட தொடாம திருப்பி அனுப்புனதையும், பின்னாடி ஓடிப்போய் எலிசா பேர சொல்லி பொய்யா கேட்டு வாங்குன அவரு வேலைக்காரன் கேயாசிக்கு குஷ்டம் வந்ததையும் கூட சேத்து வாசிச்சுக்கங்க.

1 இராஜாக்கள் 13ல ஒரு சம்பவம் இருக்கு, இந்த மாதிரி கடிதம் வரும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். யூதாவுல இருந்து தேவனுடைய மனுஷன் ஒருத்தர் பெத்தேலுக்கு வர்றாரு. அங்க அப்பம் சாப்பிடாத, தண்ணி குடிக்காத, போன வழியா திரும்பாதனு கர்த்தர் அவருக்கு தெளிவா சொல்லியிருக்காரு. ராஜா வெகுமானம் தர்றேன், வீட்டுக்கு வானு கூப்பிடுறான், உன் வீட்டுல பாதி குடுத்தாலும் வரமாட்டேன்னுட்டு கெளம்பிடுறாரு. பிறகு ஒரு வயசான தீர்க்கதரிசி பின்னாடியே வந்து, நானும் உம்மப்போல தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் எனக்கு சொன்னாரு, வாரும் சாப்பிடலாம்னு பொய் சொல்றாரு. இவரு போயிடுறாரு. ராஜா ஆச காட்டுனப்போ அசையாதவரு, பக்தியான ஒரு பெரியவர் கர்த்தர் பேர சொன்னதும் அசைஞ்சுட்டாரு பாருங்க. வஞ்சகம் எப்பவும் கெட்டவன் வேஷத்துலதான் வரும்னு நாம காத்துக்கிட்டு இருக்கோம், அது நம்ம பாஷைல, நம்ம ஜெபத்துல, நாம ஏங்குற அன்போட வரும். முடிவு துக்கமான முடிவுதான், அத வச்சு உங்கள பயமுறுத்துறதுக்கு இத சொல்லல. உங்களுக்கு வேதத்துல தெளிவா இருக்குற காரியத்த, தாயையும் தகப்பனையும் கனம் பண்ணு, பொய் சொல்லாத, சகோதரன்கிட்ட ஒப்புரவாகுங்குறத, இன்னொருத்தர் கண்ட தரிசனத்துக்காக விட்டுக்குடுக்க வேண்டியதில்லனு சொல்லத்தான்.

அங்க போய் நிம்மதியா தூங்குனேன்னு எழுதியிருந்தீங்க, அத நான் நம்புறேன். அம்மாவ இழந்து யாரும் கேக்காத நேரத்துல உங்க கதைய ஒருத்தர் உக்காந்து கேட்டாங்க, எந்த மனுஷருக்கும் அதுல நிம்மதி வரும். நல்லா ஆரம்பிக்கிறதெல்லாம் நல்லா முடியாதுங்குறதுக்கு உலகம் பாத்த கொடுமையான சாட்சி ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல ஜிம் ஜோன்ஸ்னு ஒருத்தர் நடத்துன சபை, ஏழைங்களுக்கு சாப்பாடு போட்டாங்க, வயசானவங்கள பாத்துக்கிட்டாங்க, வெள்ளை கறுப்புனு பாக்காம ஒண்ணா உக்கார வச்சாங்க, அத பாத்து ஜனங்க வீட்டையும் பென்ஷனையும் எழுதி குடுத்தாங்க. 1978 நவம்பர் 18ஆம் தேதி கயானா காட்டுக்குள்ள அந்த கூட்டத்துல 900 பேருக்கு மேல செத்துப்போனாங்க, பெரும்பாலும் விஷம், அதுல 300க்கு மேல சின்ன பிள்ளைங்க. உங்க ஜெபக்கூட்டம் அப்படினு நான் சொல்லவே இல்ல. அன்பு கிடைச்சுச்சுங்குறத மட்டும் வச்சு அளக்காதீங்கனு சொல்றேன்.

மன்னிப்பில்லாத பாவத்துக்கு வருவோம், ராத்திரி மூணு மணிக்கு உங்கள எழுப்புறது அதுதானே. மாற்கு 3ல இயேசு அத சொன்னது யார்கிட்டனு பாருங்க. கண்ணு முன்னாடி பிசாசு ஓடுறத பாத்துட்டும், இவன் பெயெல்செபூலால இத பண்றான்னு வேணும்னே சொன்ன வேதபாரகர்கிட்ட. மாடி ஹால்ல ஒரு அம்மா சொன்ன காரியத்த, இது சரியானு மனசுக்குள்ள கேட்ட ஒருத்தர பத்தி அங்க பேச்சே இல்ல. நான் அந்த பாவத்த பண்ணிட்டேனோனு அழுதுட்டு வர்றவங்கள நான் நெறைய பாத்திருக்கேன், ஒருத்தர் கூட கர்த்தர வெறுத்து வரல, அவர எழந்துருவோமோனு பயந்துதான் வந்தாங்க. இந்த நெனப்பு விடாம திரும்ப திரும்ப சுத்துறதுக்கு உளவியல்ல ஒரு விளக்கம் இருக்கு, எண்ண சுழற்சி நோயோட (ஓசிடிம்பாங்க) ஒரு வகை பக்தி விஷயத்துலயும் வரும், அதுக்கு சிகிச்சையும் இருக்கு. தைராய்டு சரியான பிறகும் இந்த படபடப்பு நிக்கலன்னா ஒரு மனநல டாக்டர பாருங்க, கூச்சமே வேண்டாம். நடுராத்திரில தாங்க முடியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கமே நடத்துறது, இலவசம், தமிழ்லயே பேசுவாங்க. அந்த நேரத்துல பாஸ்டரம்மாவுக்கு போன் போடாதீங்க, பயந்த ஒடனே அவங்ககிட்ட ஓடுற பழக்கம்தான் பயத்த வளக்குது. எந்திரிச்சு தண்ணி குடிச்சு, மூச்ச மெதுவா விட்டு, தெரிஞ்ச சங்கீதம் ஒண்ண சத்தமா சொல்லுங்க. தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல் பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்னு 2 தீமோத்தேயு 1:7 இருக்கு, தெளிந்த புத்திய எடுத்துட்டு பயத்த குடுக்குற ஒண்ணு எங்க இருந்து வந்திருக்கும்னு நீங்களே நிதானிச்சுக்கங்க.

ப்ளாட் விஷயம். அம்மா உயில் எழுதாம போயிருந்தா, அப்பாவும் இல்லன்னா, கிறிஸ்தவங்களுக்கு உள்ள 1925 வாரிசு சட்டப்படி அது உங்களுக்கும் அண்ணனுக்கும் சரி பங்கு, நீங்க மட்டும் தனியா முழுசையும் எழுதி குடுக்க முடியாது. அண்ணன் வீட்டுக்கு போகாதனு சொன்னதையும் நெலத்த எழுதுனு சொன்னதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. தானப் பத்திரம் ஒரு தடவ ரெஜிஸ்டர் ஆயிட்டா மனசு மாறுனேன்னு சொல்லி திருப்ப முடியாது. ஆன்மீக வழிகாட்டி மாதிரி நம்ம மேல ஆதிக்கம் உள்ளவங்க நெருக்கி வாங்குனதுனு நிரூபிச்சா கோர்ட் ரத்து பண்ணலாம்தான், ஆனா அதுக்கு வருஷக்கணக்கா அலையணும். மதுரை கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் குடுப்பாங்க, போன்ல கேக்கணும்னா 15100. செயின பத்தியும் அவங்ககிட்டயே கேளுங்க, இப்ப நீங்க தனியா போய் சண்ட போட வேண்டாம்.

அந்த பாஸ்டரும் அம்மாவும் போலியா இல்ல தாங்களே நம்பி பண்றாங்களானு தீர்ப்பு சொல்ற வேல உங்களுக்கு இல்ல, எனக்கும் இல்ல. அங்க வர்ற பொம்பளைங்க பலர் உங்கள மாதிரியே வலியோட வந்தவங்கதான், அவங்கள வெறுக்காதீங்க. விட்டு வரும்போது நீளமா காரணம் சொல்லாதீங்க, ஒடம்பு சரியில்ல, டாக்டர் ஓய்வு எடுக்க சொல்லியிருக்காருன்னா போதும், அது உண்மையும் கூட. வாட்ஸ்அப் க்ரூப்ப மொதல்ல ம்யூட் பண்ணுங்க. போன் நெறைய வரும், அன்பா வரும், பிறகு எச்சரிக்கையா வரும். ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன், வெளிய வந்த கொஞ்ச நாள்ல வீட்டுல ஏதாவது ஒரு கஷ்டம் வரும், பையனுக்கு காய்ச்சலோ வீட்டுக்காரர் பைக் ஸ்லிப் ஆகுறதோ, எல்லா வீட்டுலயும் வர்றதுதான், ஆனா உங்களுக்கு பாத்தியா சாபம்னு தோணும். அப்படி தோணும்னு இப்பவே தெரிஞ்சு வச்சுக்கங்க.

இந்த வெள்ளிக்கிழம அங்க போகாம வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு திருமங்கலத்துக்கு பஸ் ஏறுங்க. மொதல்ல மதினிக்கு போன் பண்ணி வர்றோம்னு சொல்லுங்க. செயின், மாத்திரை, ப்ளாட் மூணையும் வீட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, வையத்தான் செய்வாரு, வையட்டும், ஆனா இத தனியா தூக்கி சொமக்குறத விட அது லேசு. உங்க சர்ச் ஐயர்கிட்டயும் போய், அம்மா இறந்தப்போ யாரும் என்னைய விசாரிக்கலனு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க, அவங்க அத கேட்டாகணும். டிஎஸ்எச் ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க, டாக்டர் எத்தன மில்லிகிராமோ மைக்ரோகிராமோ எழுதுனாருங்குறது வரைக்கும்.